யாருடைய கடன்?

1

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் வீதியில் நான்கு வீடு தள்ளியிருக்கும் பெண் ஒருத்தி கையில் ஒரு ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள். மதுக்கரையில் பிறந்து வளர்ந்தவள். கோவையில் கணினி அறிவியல் படித்துவிட்டு, சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலைக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபைலில் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம், வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். தலைப்பில் ‘விடுதலைப் பத்திரம்’ என்றிருந்தது.

“அக்கா, இதுல கையெழுத்துப் போடலாங்ளா?” என்று கேட்டாள்.

வங்கி 40 லட்சம் ரூபாய் தருகிறது. வீடுதான் ஈடு. அது அவளுடைய கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து. வீட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அந்த வீட்டில் தனக்குள்ள உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து அவள் எழுதித் தர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டி இரண்டு பிள்ளைகளையும் வளர்த்த மனிதர் அவர். மகளை அடித்ததில்லை, படிப்பை நிறுத்தச் சொன்னதில்லை. “உன்ற படிப்புக்கே எல்லாம் போயிருது கண்ணு. தம்பிக்கு ஊட்டையாவது உட்டுக்குடு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது என்றாள். அதனால்தான் அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை.

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற தயக்கம். 2004-ல், என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதே போன்ற ஒரு தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

2

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணம். இன்னொன்று, செய்தே ஆக வேண்டிய கடமை. சங்கப் பாடல்களில் இரண்டாவது பொருள்தான் ஓங்கி நிற்கிறது. புறநானூற்றின் 312-ஆம் பாட்டைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. பாடியவர் பொன்முடியார் என்ற பெண்பாற்புலவர். ஒரு தாய் பேசுகிறாள். பெற்று வளர்ப்பது தன் கடன், தந்தைக்கு ஒரு கடன், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று, போருக்குப் போகும் இளைஞனுக்கு ஒன்று என ஐந்து முறை அந்தச் சொல் வருகிறது. பல ஆண்டு வகுப்பில் இந்தப் பாட்டை நடத்திவிட்டேன். ஒரு நாள் பின்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள்: “மேடம், இதுல பொண்ணு எங்க?” தாய் இருக்கிறாள், மகள் இல்லை. அந்தப் பட்டியலில் அவளுக்குக் கடமையும் இல்லை, அவள்மீது யாருக்கும் கடமையும் இல்லை. பெற்று வளர்ப்பவளாக மாறும்போதுதான் அவள் பாட்டுக்குள் நுழைகிறாள்.

நாம் வீட்டில் பேசும் தமிழையும் சற்றுக் கவனியுங்கள். மகனைப் பற்றிச் சொல்லும்போது “பையன் இன்ஜினியரிங் படிச்சான்” என்கிறோம். மகளைப் பற்றிச் சொல்லும்போது “பொண்ண இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்” என்கிறோம். ஒன்றில் படித்தவன் எழுவாய். மற்றொன்றில் பெற்றோர் எழுவாய், மகள் செயப்படுபொருள். இலக்கணத்தில் ‘வைத்தல்’ ஒரு துணைவினை. வாழ்க்கையில் அது ஒரு ரசீது. மகன் படிப்பதை மழை பெய்வது போல இயல்பானதாகக் கருதும் மொழி, மகள் படிப்பதை மட்டும் செய்யப்பட்ட உதவியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது.

இதே வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அந்தப் பெண் சொன்னாள். தம்பிக்குப் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க, அப்போது மிச்சமிருந்த 12 சென்ட் பூர்வீக நிலத்தை விற்றார்கள். சட்டப்படி மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால், வாங்குபவர் அவளுடைய கையெழுத்தையும் கேட்டார். அவளும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அன்று யாரும் தம்பியிடம், “உன்ற படிப்புக்கு நெலம் போயிருச்சு, ஊட்ட அக்காளுக்கு எழுதிக்குடு” என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தவரை எந்த வீட்டிலும் யாருக்கும் அது தோன்றுவதில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1938-ல் வெளியிட்ட ‘மூன்று கினிகள்’ என்ற நூலில், தாக்கரேயின் நாவல் ஒன்றிலிருந்து ‘ஆர்தரின் கல்வி நிதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலேய நடுத்தரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நிதியில் பணம் போட்டுவந்தன, அந்த வீட்டுப் பெண்களின் படிப்பும் பயணமும் அதில் கரைந்தன என்பது அவர் வாதம். கொங்கு நாட்டில் அந்த நிதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். பஞ்சாலைகளிலிருந்து வந்தது. இந்தப் பெண்ணின் அம்மா, கல்யாணத்துக்கு முன் மில் விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை பார்த்தவர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பின்னாளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற முறை அது. மூன்று ஆண்டு முடிவில் ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வரும், அது கல்யாணச் செலவுக்குப் போகும். தன் உழைப்பில் தன் கல்யாணத்தை நடத்திக்கொண்ட அந்த அம்மாவைப் பற்றியும் ஊர் பேசியது, “அப்பன் கட்டிக்குடுத்தான்” என்றுதான்.

3

மகள் கடல் கடந்து படிக்கப் போவது நம் இலக்கணத்தில் இல்லாத காட்சி. தொல்காப்பியம் அகத்திணையியலில் ஓதலுக்கும் பகைக்கும் தூதுக்கும் பிரிவு உண்டு என்கிறது. பிரிந்து போகிறவன் ஆண், காத்திருப்பவள் பெண். கற்பியல், கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று பொருள்படும் நூற்பாவும் உண்டு. அதற்கு உரையாசிரியர்கள் வேறு வேறு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், பெண் தானே படிக்கக் கப்பலேறுவாள் என்று யாரும் எழுதவில்லை.

ஆனாலும் போனார்கள். கோவைக்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒருவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர், சென்னையில் படித்தவர், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அங்கே போய், 1931-ல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1930-களில் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1958-ல் சியாமளா கோபாலன் தன் 19-ஆம் வயதில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனார். 1964-ல் முனைவர் ஆனார். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய் என்று பின்னாளில் உலகம் அவரை அறிந்தது.

இவர்களை நினைக்கும்போது ஒரு வேறுபாடு எனக்குப் படுகிறது. ஜானகி அம்மாளுக்குப் பணம் கொடுத்தது முகம் தெரியாத ஓர் அறநிதி. அதற்கும் நிபந்தனைகள் இருந்திருக்கும், ஆனால் அவை எழுதி வைக்கப்பட்டவை. ஆண்டு முடிந்தால் அவையும் முடிந்துவிடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அந்த அறநிதி சாப்பாட்டு இலை முன் உட்கார்ந்து, “உனக்காக எவ்வளவு செஞ்சோம்” என்று பெருமூச்சு விடாது.

இன்று கணினி முதுகலைக்குப் போகிற நம் பெண்களில் பெரும்பாலோர் உதவித்தொகையில் போகவில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். எந்த நாட்டையும்விட அதிகம். அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு நிதி கிடைப்பதுண்டு, இரண்டு ஆண்டு முதுகலைக்கு அது அரிது. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் 30 சதவீதம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. தகுதியுள்ள மாணவிகள் இவற்றைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு வழி வங்கிதான்.

நாங்கள் இருவரும் அன்று ஒரு தாளில் கணக்குப் போட்டோம். 40 லட்சம், 10.5 சதவீத வட்டி, நான்கு பருவங்களில் பிரித்து வாங்கினாலும், படிக்கும் இரண்டு ஆண்டும் அதன் பின் ஓராண்டு அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. அசலோடு அதைச் சேர்த்துப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 66,000 ரூபாய்க்கு மேல். சரவணம்பட்டியில் அவள் வாங்கிய சம்பளம் அதில் பாதிகூட இல்லை. அந்தச் சம்பளத்திலும் பெரும்பகுதி வீட்டுக்குத்தான் போனது, தம்பியின் வண்டித் தவணையும் அதில்தான் கட்டப்பட்டது. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

4

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடலாமா?

அப்பாவின் பக்கத்தை முதலில் நியாயமாக வைத்துப் பார்க்க வேண்டும். அவர் பயம் கற்பனை இல்லை. படித்து முடித்த மாணவருக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி முதலில் 12 மாதம். கணினி போன்ற துறை என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். மொத்தம் மூன்று ஆண்டு, தொல்காப்பியர் விதித்த அதே வரம்பு. முதல் 12 மாதத்தில் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். அதற்குப் பின் தங்க வேண்டுமானால் எச்-1பி விசா. ஆண்டுக்கு 85,000 இடம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். இத்தனை ‘ஆனால்’களின் முனையில் ஒரு வீடு நிற்கிறது. அது கவிழ்ந்தால் தெருவுக்கு வருவது அப்பா, அம்மா, தம்பி மூவரும்தான். மகள் எடுக்கும் துணிச்சலின் விலையை மற்றவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் விடுதலைப் பத்திரம் இந்தப் பயத்துக்குப் பதிலா? அவள் எழுதிக் கொடுத்தாலும் வீடு வங்கியிடம்தான் இருக்கும். கடன் கட்டப்படாவிட்டால், தம்பியின் பெயரில் இருந்தாலும் ஏலம் போகும். ஆக, கடன் கெட்டுப்போனால் அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டால் மட்டுமே அது வேலை செய்யும். அதாவது, அவள் பத்து ஆண்டு உழைத்துக் கடனை அடைத்து வீட்டை மீட்ட பிறகு, மீட்ட வீட்டில் அவளுக்கு இடமில்லை என்று சொல்லத்தான் அது உதவும்.

இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். அவளுடைய படிப்புச் செலவு ஒன்று கடன், இல்லையென்றால் கொடை. கடன் என்றால் வட்டியோடு அவளே கட்டப்போகிறாள். வங்கித் தாளில் முதல் பெயர் அவளுடையது. அப்படியானால் வீடு அவளுக்காக ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை, தன் பங்கை ஏன் விட வேண்டும்? கொடை என்றால் தம்பிக்குக் கொடுத்தது போன்ற கொடை. அவன் திருப்பி எழுதித் தராத ஒன்றை அவள் மட்டும் ஏன் எழுதித் தர வேண்டும்? எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாளுக்கு நியாயம் பிறக்கவில்லை. ஒரே செலவை மகளிடம் இரண்டு முறை வசூலிப்பதற்குத்தான் அது வழி செய்கிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. இந்த வீட்டைப் பிரித்தால் அப்பா, மகள், தம்பி என மூன்று பங்கு. அப்படியென்றால் வங்கியில் ஈடாகக் கிடப்பதில் மூன்றில் ஒன்று ஏற்கெனவே அவளுடையது. “அப்பா சொத்தை அடகு வெச்சுப் போறேங்க்கா” என்று அவள் குற்ற உணர்வோடு சொன்னபோது, “உன் சொத்தையும்தான் வெச்சிருக்கே அம்மிணி” என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். அதுவரை அந்த வீட்டைப் பற்றி அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

அந்தக் கணக்கில் அம்மாவின் பெயரே இல்லை என்பதை நாங்கள் இருவரும் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தோம்.

5

நியாயம் இப்படித் தெளிவாக இருந்தும் நம் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் போட்டேன். ஏன்?

எம்.ஃபில். படிக்க நான் ஆசைப்பட்டபோது அம்மா தன் இரண்டு வளையல்களை அடகு வைத்தார். அதை என்னிடம் சொல்லவில்லை. வெறும் கையைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அதன்பின் அந்த வீட்டில் எதற்கும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். “விட்டுக்கொடுக்கற மனசு இந்தப் புள்ளைக்கு” என்று பெரியப்பா சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவின் வளையலுக்கு நான் செலுத்தும் விலை என்று அதை நினைத்தேன். அந்த விலை அம்மாவுக்குப் போகவில்லை, அண்ணனுக்குப் போனது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பதினோரு ஆண்டு கழித்து, என் வாழ்க்கை குலைந்த ஒரு சமயம், மூன்று மாதம் அந்த வீட்டில் தங்க நேர்ந்தது. அண்ணனோ நங்கையோ ஒரு சொல்கூடத் தவறாகப் பேசவில்லை. ஆனால் நான் பாத்திரம் கழுவும்போது சத்தம் வராமல் கழுவினேன். இரவில் விளக்குப் போடாமல் தண்ணீர் குடித்தேன். பிறந்து வளர்ந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எப்படி என்று என் கைகளுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

நன்றியுணர்வு நல்லது. ஆனால் அது கணக்குப் புத்தகமாக மாறும்போது அதில் கடைசிப் பக்கம் இருப்பதில்லை. மானுடவியலாளர் டேவிட் கிரேபர், கடனைப் பற்றி 2011-ல் எழுதிய நூலில் கடப்பாட்டையும் கடனையும் பிரிக்கிறார். கடனை எண்ணால் அளக்கலாம், அதனால் தீர்க்கவும் முடியும். கடப்பாட்டை அளக்க முடியாது. இதை வைத்துப் பார்த்தால் வங்கிக் கடன் இரக்கமற்றது, ஆனாலும் நேர்மையானது. பத்தாம் ஆண்டு கடைசித் தவணையோடு அது முடியும், தடையில்லாச் சான்றிதழ் கொடுத்துப் பத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். அம்மாவின் வளையலுக்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. அளக்க முடியாத அன்பை அளக்கக்கூடிய சொத்தோடு முடிச்சுப் போடும்போதுதான் ஏமாற்று நடக்கிறது. போடுகிறவர்களுக்கே அது தெரிவதில்லை.

ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தரும் விடை: எதுவும் இல்லை. பெற்றோர் தாமாகச் செய்த தியாகங்கள் கடனாகா. நண்பர்களுக்கிடையே போல அன்பு இருக்கும்வரை கடமையும் இருக்கும், அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்கு முன் இதைப் படித்தபோது எனக்கு விடுதலையாக இருந்தது. இப்போது முழுதாக ஏற்க முடியவில்லை. லாரி ஓட்டியவருக்கும் மில்லில் நின்றவருக்கும் ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்கு முதுமையில் மருந்து வாங்கித் தர ஆள் வேண்டும். அந்தக் கடமை நட்பு குறைந்தால் குறைகிற ஒன்றாக இருந்தால் அவர்கள் கதி என்ன?

நான் வந்து சேர்ந்த இடம் இது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அவர்களுக்கு முதுமை வரும், அவர்களோடு நம் உறவு வேறு யாருக்கும் இல்லாதது என்பதால் உண்டு. நமக்காக எவ்வளவு செலவழித்தார்கள் என்பதால் அல்ல. செலவிலிருந்து பிறக்கும் கடமை என்றால், அதிகம் செலவழிக்கப்பட்ட பிள்ளை அதிகம் செய்ய வேண்டும், ஒன்றுமே செலவழிக்க முடியாத ஏழைப் பெற்றோருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகும். அதை நம்மில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். தேவையிலிருந்து பிறக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுதான். அதற்கு முன்பணமாக உரிமையைக் கேட்க வேண்டியதில்லை. உரிமையை வைத்திருக்கும் மகள் கடமை தவறியவளும் ஆகிவிட மாட்டாள்.

6

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புக்குக் கிளம்பும் பெண் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு மூன்று வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னைத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், படித்ததும் ஊர் திரும்புவேன் என்று காட்ட வேண்டும். அது மாணவர் விசாவின் விதி. வங்கியில், அங்கே வேலை பார்த்து டாலரில் சம்பாதித்துக் கட்டுவேன் என்ற நம்பிக்கையைத் தர வேண்டும். வீட்டில், இரண்டே வருசம், வந்து நீங்க பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னால் முடியாது. தனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான்காவது பதில் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டேன். “தெரியலீங்க்கா. போயிப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள். அன்று கேட்டவற்றில் உண்மையான பதில் அதுதான்.

எங்கள் ஊரில் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவே காட்டு வழியாகப் போகும் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் செத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் கேமராக்கள், யானை பாதையை நெருங்கினால் ரயில்வேக்கு எச்சரிக்கை போகும். அவள் படிக்கப் போவதும் கணினி படங்களைப் புரிந்துகொள்ளும் துறைதான். “அந்த மாதிரி ஒண்ணு செய்யோணுங்க்கா” என்றாள். 66,000 ரூபாய் தவணை இருக்கும்போது அந்த ஆசைக்கு இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கடன் பணத்தோடு நிற்பதில்லை. எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கலாம், எந்த ஊரில் இருக்கலாம், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் அது எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லாத ஜெர்மனி போன்ற வழிகளையும் பார் என்று என்னிடம் வரும் மாணவிகளிடம் சொல்கிறேன். பெருமை குறைந்தாலும் கடன் குறைந்த படிப்பு, பெண்ணுக்கு மிச்சம் வைக்கும் சுதந்திரம் அதிகம்.

அவள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒரு தாளை எழுதி எடுத்துப் போனாள். கடன் முழுவதையும் நானே கட்டுவேன், என்னால் கட்ட முடியாமல் வீடு போனால் அந்த நட்டத்தில் முதலில் கரைவது என் பங்கு, அதற்கு மேல் தம்பிக்கு ஆகும் நட்டத்தை நான் ஈடுகட்டுவேன் என்று அதில் இருந்தது. அப்பாவின் பயத்துக்கு அதுதான் நேரான பதில் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. அவர் இரண்டு வாரம் மகளோடு பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா பேசினாராம். “நானுந்தா மூணு வருசம் மில்லுல நின்னேன். என்ற பங்கு எங்கீன்னு ஆராச்சும் கேட்டீங்ளா?” அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றாள்.

மே மாதக் கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதுத் தேதி தருவதைச் சில வாரம் நிறுத்தியபோது அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஆகஸ்டில் அவள் கிளம்பினாள். செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த அன்று அவள் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அங்கேயே படித்து அங்கேயே விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பின்னால்தான் வந்தது. அன்று அவரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. “புள்ள பயந்துக்குவா, நீங்க கொஞ்சம் பேசுங்க” என்று மட்டும் சொன்னார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இரண்டு தாள்களும் இப்போது அவர்கள் வீட்டு பீரோவில் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்பா எழுதியதில் மகளின் கையெழுத்து இல்லை. மகள் எழுதியதில் அப்பாவின் கையெழுத்து இன்னும் விழவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகள் யாராவது நாளை ஒரு ஃபைலோடு கிளம்பக்கூடும். தாளை நீட்டுபவர்கள் அன்பானவர்களாகத்தான் இருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள்: என் இடத்தில் தம்பி இருந்தால் இந்தத் தாள் இருக்குமா? எனக்கு 25 வயதில் அதைக் கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் என்ன நடந்திருக்குமோ, தெரியாது. பாத்திரத்தையாவது சத்தம் போட்டுக் கழுவியிருப்பேன்.